ஏழை மகனுக்கு வயதில்லையா?

எடப்பாடியில் பொழுது விடிவதற்கு முன்பே தறிச் சத்தம் ஊரை எழுப்பிவிடும். இரவு முழுதும் ஓடிய தறியை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியும் கண்ணில் தூக்கமுமாக வெளியே வருகிற தோழர்கள் முதலில் தேடுவது ஒரு குவளைத் தேநீர். அடுத்துத் தேடுவது செய்தித்தாள். ஒருவர் உரக்கப் படிப்பார்; பத்துப் பேர் கேட்பார்கள்.

அப்படியொரு தேநீர்க் கடைப் பலகையில் அண்மையில் நாமும் அமர்ந்திருந்தோம். கொலை வழக்கொன்றில் பதினேழு வயதுப் பையன் பிடிபட்ட செய்தி படிக்கப்பட்டது. படித்து முடிக்குமுன்பே தீர்ப்பும் வந்துவிட்டது!

“ஏனுங்க, கத்தி எடுக்கத் தெரியுது, குத்தத் தெரியுது. அப்புறம் என்னங்க சின்னப் பையன்? பெரியவனுக்கு உள்ள தண்டனையையே கொடுக்கோணும். தூக்குலே போடோணும்!”

சொன்னவர் கல்நெஞ்சரல்ல. முப்பது ஆண்டுகளாகத் தறி ஓட்டுபவர். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தன் கூலியை எடுத்து நீட்டுபவர். நமது கொடி ஏறிய நாளிலிருந்து அதன் கீழ் நிற்பவர். சுற்றியிருந்தவர்களும் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். நாம் மட்டும் தலையாட்டவில்லை. ஏன் ஆட்டவில்லை என்பதை அங்கேயே சொன்னோம். தோழர்கள் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி என்பதால் இங்கும் எழுதுகிறோம்.

ஆத்திரம் தவறென்று நாம் கூறவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கதறும்போது, “குற்றவாளிக்கு வயது குறைவு” என்று அவளிடம் சட்டம் பேசுவது புண்ணில் உப்பைத் தடவுவது போலத்தான் இருக்கும். ஆனால், தோழர்களே, ஆத்திரம் வேறு, தீர்ப்பு வேறு. ஆத்திரத்தில் எழுதப்படும் தீர்ப்பு யார் கழுத்தைத் தேடிப் போகிறது என்று கவனித்தீர்களா? நாம் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான்.

1994-ஆம் ஆண்டு. மராட்டிய மாநிலத்துப் புனே நகரம். ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டனர். இறந்த பெண்களில் ஒருத்தி கர்ப்பிணி. நாடே பதறிய கொடுமை அது. பிடிக்கப்பட்டவர்களில் ஒருவன், இராசஸ்தான் மாநிலம் பிகானேர்ப் பகுதியின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவன். வழக்குத் தாளில் அவன் பெயரே மாறி எழுதப்பட்டது. வயதோ, பெரியவன் என்று எழுதப்பட்டது. 1998-இல் தூக்குத் தண்டனை. 1999-இல் உயர்நீதிமன்றம், “சரி” என்றது. 2000-இல் உச்ச நீதிமன்றமும் “சரி” என்றது.

ஆண்டுகள் உருண்டன. பிறகுதான், அவன் படித்த கிராமத்துப் பள்ளியின் பதிவேடு நீதிமன்றத்திற்கு வந்தது. விசாரித்தார்கள். 2023 மார்ச் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறிற்று: குற்றம் நடந்த நாளில் அவனுக்கு வயது 12, அதற்குமேல் ஆறே மாதம்!

பன்னிரண்டு வயது! நம் வீட்டில் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கிற பையனின் வயது. சட்டப்படி அவனுக்குக் கொடுக்கக் கூடியது அதிகம் போனால் மூன்று ஆண்டு, அதுவும் சீர்திருத்த இல்லத்தில். அவன் சிறையில் கழித்ததோ 28 ஆண்டுகளுக்கு மேல். அதில் பெரும்பகுதி தூக்குக் கயிற்றை எதிர்பார்த்து! சிறுவனாக உள்ளே போனவன், நரை கண்ட மனிதனாக வெளியே வந்தான்.

தப்பித் தவறி நடந்தது அது ஒன்றுதான் என்பீர்களோ? இன்னொன்றும் கேளுங்கள். அதே 1994. வடக்கே டேராடூனில் ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி ஒருவரும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டனர். குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவன் அந்த வீட்டில் வேலைக்கு நின்ற பையன். 2001-இல் தூக்குத் தண்டனை. “எனக்கு வயது குறைவு” என்று அவன் சொல்லிப் பார்த்தான். “உன் பெயரில் பாங்கிக் கணக்கு இருக்கிறதே, ஆகவே நீ பெரியவன்” என்றார்கள்! 2012-இல் குடியரசுத் தலைவர் தூக்கைக் குறைத்து, அறுபது வயது வரை சிறை என்றாக்கினார். உயிர் தப்பியது, சிறை தப்பவில்லை. 2025 சனவரி 8-ஆம் நாள், நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி எம்.எம். சுந்தரேஷ், நீதிபதி அரவிந்த் குமார் ஆகியோர் தீர்ப்பளித்தனர்: அன்று அவனுக்கு வயது 14 தான், அவன் பட்ட துன்பம் நீதிமன்றங்கள் செய்த பிழையால் வந்தது, விடுதலை செய்க. ஏறத்தாழ 25 ஆண்டுகள் போன பிறகு!

பிழை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது, பாராட்டுகிறோம். ஆனால் கயிறு முன்கூட்டியே இறுகியிருந்தால்? யாரிடம் போய் ஒப்புக்கொள்வது?

அந்த இரண்டு சிறுவர்களும் சட்டம் இல்லாததால் அகப்பட்டவர்களல்ல. 1986-ஆம் ஆண்டுச் சட்டமே, 16 வயது நிரம்பாத பையனைத் தூக்கில் போடக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அதை எடுத்துச் சொல்ல, காசு வாங்காமல் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பதிவேட்டைத் தேடியெடுத்து வர, ஆளில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வறுமை முகத்தை முற்ற வைத்துவிடுகிறது. உழைப்பு கையைக் காய்க்க வைத்துவிடுகிறது. பார்க்கிறவர், “இவனா சின்னப் பையன்?” என்கிறார். எழுதுகிறவர், “வயது இருபது” என்று எழுதிவிடுகிறார். பேனாவின் ஒரே கீறல். அதில் ஒரு பிள்ளையின் வாழ்வு போயிற்று!

இனி அதே புனே நகரத்துக்கு மறுபடியும் வாருங்கள். ஆண்டு 2024, மே 19-ஆம் நாள். நள்ளிரவு தாண்டிய நேரம். கோடிக்கணக்கில் விலையுள்ள வெளிநாட்டுக் கார் ஒன்று சீறிப் பாய்ந்து மோதியதில், மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டனர். காரை ஓட்டியதாகப் பிடிக்கப்பட்டவன் கட்டடத் தொழில் அதிபர் ஒருவரின் மகன், வயது 17. சில மணி நேரத்தில் பிணை. பிணைக்கு என்ன நிபந்தனை தெரியுமா? சாலை விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுது! நாடே கொதித்தெழுந்த பிறகு அவன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். பின்னர் உயர்நீதிமன்றம் அவனைக் கூர்நோக்கு இல்லத்திலிருந்து விடுவித்தது. சோதனைக்கு எடுத்த இரத்தத்தையே மாற்றி வைத்ததாக மருத்துவர்கள் மீதும் பெற்றோர் மீதும் வழக்கு. 2025 சூலையில், அவனைப் பெரியவனாக நடத்தி விசாரிக்க வேண்டும் என்ற போலீசின் கோரிக்கையைச் சிறார் நீதிக் குழுமம் தள்ளிவிட்டது.

திருவாரூரில் கன்றுக்குட்டி மீது தேரை ஏற்றிய தன் மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனின் கதையைச் சொல்லி, “சிறுவன் என்று பார்த்தானா? நீதி என்றால் அதுவல்லவா நீதி!” என்பார்கள். கதைதான். ஆனாலும் கதையில் அரசன் இழந்தது தன் சொந்த மகனை! இன்று “சிறுவன் என்று பாராதே” என்ற கூச்சல் எழுந்தால் தேர்க்காலில் விழப் போவது யார் மகன்? அரண்மனைப் பிள்ளையா? தேர் ஏறியவன் தப்பிப்பான். தேருக்கு வடம் பிடித்தவன் மகன் விழுவான். ஒரே நகரம்தான். பன்னிரண்டு வயது ஏழைக்கு வயது இருக்கவில்லை. பதினேழு வயதுப் பணக்காரனுக்கு வயது இருந்தது!

“அப்படியானால் அந்தப் பணக்காரப் பையனையும் தூக்கில் போடச் சொல்லுங்கள்” என்பாரும் உண்டு. இல்லை, தோழர்களே! அவனுக்குக் கிடைத்த வயது பறிக்கப்பட வேண்டும் என்பதல்ல நமது வாதம். இரத்தத்தை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு விசாரிக்கப்பட்டு, மெய்ப்பிக்கப்பட்டால் மாற்றியவர்கள் தண்டிக்கப்பட வேண்டும். காசு பேசிய இடமெல்லாம் வெளிச்சத்துக்கு வர வேண்டும். ஆனால் வயது என்பது சலுகையல்ல, அது உண்மை. பணக்காரனுக்கு உண்மையாக இருப்பது ஏழைக்கும் உண்மையாக இருக்கட்டும் என்கிறோம்.

சட்டம் இன்று என்ன சொல்கிறது? நம்மில் பலர், “பதினெட்டு ஆகாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுவார்கள்” என்று நம்புகிறோம். அது சரியல்ல.

2012 டிசம்பர் 16-ஆம் நாள் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையை யாரும் மறக்கவில்லை. பிடிபட்ட அறுவரில் ஒருவன் 18 நிரம்பாதவன். அன்றைய சட்டப்படி அவனுக்கு மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். 2015 டிசம்பர் 20-இல் அவன் வெளியே வந்தான். நாடு கொந்தளித்தது. இரண்டே நாளில் மாநிலங்களவையில் புதிய சட்டம் நிறைவேறியது. 2016 சனவரி 15 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, 16 நிறைந்து 18 நிறையாத ஒருவன் கொடிய குற்றம் செய்ததாக வழக்கு வந்தால், ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமம் அவனை முதலில் ஆராயும். குற்றம் செய்யும் உடல் வலுவும் மன வலுவும் அவனுக்கு இருந்ததா? விளைவை அறிந்து செய்தானா? எந்தச் சூழ்நிலையில் செய்தான்? இவற்றைப் பார்த்து, பெரியவனைப் போல விசாரிக்கத் தக்கவன் என்று கருதினால், குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கே நீண்ட தண்டனையும் விதிக்கலாம். 21 வயது வரை பாதுகாப்பிடத்தில் வைத்துத் திருந்தினானா என்று பார்த்து, அதன் பிறகு விடுவிப்பதா, சிறைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யலாம். தூக்கு மட்டும் கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

ஆகவே, “சட்டம் கைகட்டி நிற்கிறது” என்பது பொய்! அந்தச் சட்டத்திலும் நமக்கு ஓர் அச்சம் உண்டு. பையனின் மனத்தை அளக்க வேண்டும் என்கிறது சட்டம். யார் அளப்பது? எந்தப் படியால்? அது உளநூல் அறிந்தவர் துணையோடு செய்ய வேண்டிய நுட்பமான வேலை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே எச்சரித்தது. வக்கீல் வைத்தவன் மகன் “அறியாப் பிள்ளை”யாகவும், வக்கீல் இல்லாதவன் மகன் “அறிந்து செய்தவ”னாகவும் அளக்கப்பட்டால், பழைய அநீதிக்குப் புதிய சட்டை போட்டது போலத்தான் ஆகும்.

தண்டனை வேண்டாமென்றா கூறுகிறோம்? இல்லை. நெசவாளித் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓடும் தறியில் இழை அறுந்தால் என்ன செய்கிறீர்கள்? பார்த்தும் பாராமல் ஓட்டினால் துணி கெடும். அறுந்தது ஓரிழை என்று பாவையே வெட்டி எறிந்தால் முதலே போகும். தறியை நிறுத்துகிறீர்கள், அறுந்த இடத்தைத் தேடுகிறீர்கள், முடிச்சுப் போடுகிறீர்கள். நிறுத்தியே ஆக வேண்டும். முடிச்சும் போட்டே ஆக வேண்டும். இளங்குற்றவாளி செய்தியிலும் நாம் கேட்பது அதைத்தான். கொலை செய்தவனைத் தடுத்து வை, செய்ததை உணர வை, மனிதனாக்கி அனுப்பு!

இந்த அறிவு மேல்நாட்டிலிருந்து நேற்று இறக்குமதியானதல்ல. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் இயற்றியது நமது சென்னை மாகாணம், 1920-இல். 16 முதல் 21 வரையுள்ள இளைஞரைப் பழங்குற்றவாளிகளோடு அடைக்காமல் தனியே வைத்துத் தொழில் கற்பிக்கப் போர்ஸ்டல் பள்ளிச் சட்டமும் இங்கே 1926-இலேயே வந்தது. அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றம், 18 வயதுக்குள் குற்றம் செய்தவனைத் தூக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது 2005-இல்தான்!

ஆனால் பழம்பெருமை பேசி மார்தட்டிக் கொள்ளவும் நமக்கு வாய் எழவில்லை. 2022 டிசம்பர் 31-ஆம் நாள், செங்கற்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான். அவன் மீதிருந்த குற்றச்சாட்டு, கொலையல்ல. பேட்டரி திருடினான் என்பது! காக்க வேண்டிய பணியாளர்கள் அறுவர் கைதாயினர். ஏழைத் தாய் ஒருத்தி விடாமல் போராடியதால்தான் அது நாட்டுக்குத் தெரிந்தது. திருத்தும் இல்லத்திலேயே தீர்த்துக் கட்டினால், “திருத்தி அனுப்பு” என்று நாம் யாரிடம் சொல்வது? இல்லங்களைச் சீராக்க வழி கூறும்படி ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு நியமிக்கப்பட்டு, 2023-இல் அறிக்கையும் கொடுத்தார். அந்த அறிக்கை அலமாரியில் உறங்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். 2023 ஆகஸ்டு 9-ஆம் நாள் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியதாகப் பிடிக்கப்பட்டவர்கள் அவனோடு படித்த சிறுவர்கள்! இங்கே நம் நெஞ்சம் ஊசலாடத்தான் செய்கிறது. சாதி வெறிக்கு வயது வரம்பா என்று கோபம் வரத்தான் செய்கிறது. அந்தச் சிறுவர்கள் விசாரணையை எதிர்கொள்ளட்டும். குற்றம் மெய்யானால், செய்ததன் கொடுமையை உணரும்வரை தடுத்து வைக்கப்படட்டும். ஆனால் பதினேழு வயதுப் பையன் சாதியைத் தானாகவா கண்டுபிடித்தான்? மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டியது யார்? “நாம் ஆண்ட பரம்பரை” என்று சோற்றோடு சேர்த்து ஊட்டியது யார்? பையனைத் தூக்கில் போட்டுவிட்டு, ஊட்டியவர்களை மேடையில் ஏற்றி மாலை போட்டால் அடுத்த ஆண்டும் ஓர் அரிவாள் எழும். மாணவரிடையே சாதியை ஒழிக்க வழி கூறி, நீதிபதி சந்துரு 2024 சூனில் தந்த அறிக்கை கயிற்றையும் பொட்டையும் பள்ளிக்குள் விடாதே என்கிறது. பள்ளிக்கு வெளியே அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்!

“எல்லாம் சரிங்க. செத்தவன் உயிருக்கு என்ன பதில்?” என்று தேநீர்க் கடையில் கேட்டார்கள். நேர்மையான கேள்வி. அதற்கு முழுப் பதில் எந்தச் சட்டத்திலும் இல்லை. தூக்குக் கயிற்றிலும் இல்லை. ஆனால் இறந்தவர் வீட்டாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கக் கூடாது. இழப்பீடு இரந்து பெறுவதாக இருக்கக் கூடாது. செய்தவன் சிறுவன் என்ற பேச்சில், இறந்தவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பது மறைந்து போகக் கூடாது. இதற்காகக் குரல் கொடுப்பதும் நம் வேலைதான்.

இப்போது, கழகத் தோழர்கள் செய்ய வேண்டியது. நம் எடப்பாடியிலும் கொங்கணாபுரத்திலும் சலகண்டாபுரத்திலும் தறிக் கூடங்களில் வளரும் பிள்ளைகள் ஏராளம். வட மாநிலங்களிலிருந்து வந்து தறி ஓட்டும் இளைஞர்களும் நம்மோடு இருக்கிறார்கள். பிகானேரிலிருந்து புனேக்குப் போன பையனைப் போல, அவர்களுக்கும் இங்கே கேட்பாரில்லை. நாளை யாரோ ஒரு பையன் பிடிபட்டான் என்றால், அவன் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியவை சில உண்டு.

18 நிரம்பாதவனைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறையிலும் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவன் பெயரையும் படத்தையும் வெளியிடுவது குற்றம். கைப்பேசியில் அதைப் பரப்புவதும் அந்தத் தவறில்தான் சேரும். வயதுக்கு முதற் சான்று பள்ளிச் சான்று; அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ தரும் பிறப்புச் சான்று; இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. “குற்றம் நடந்தபோது நான் சிறுவன்” என்று எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூடச் சொல்லலாம். இலவச வக்கீலைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும். இவற்றை அறிந்த ஒரு தோழராவது ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும்.

அன்று காலை நாம் எழுந்தபோது, தூக்கு வேண்டும் என்ற அந்த மூத்த தோழர் நம்மோடு சிறிது தூரம் நடந்து வந்தார். அவர் கருத்து முழுதும் மாறிவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். பேசாமல் வந்தவர், தெருமுனையில் நின்று மெல்லக் கேட்டார்:

“ஏனுங்க, எம் பேரன் பள்ளிக்கூடத்தை விட்டுப்போட்டு ரெண்டு வருசமாத் தறிக்குத்தான் போறான். அவனுக்குப் பிறப்புச் சான்று வாங்கினதா ஞாபகமே இல்லீங்க. அது எங்கே கிடைக்கும்?”

நகராட்சி அலுவலகத்தில் கிடைக்கும் என்றோம். பையனை மறுபடியும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னோம். சான்று வாங்கப் போகும் நாளில் நம் கிளைத் தோழர் ஒருவர் அவரோடு போகிறார். மற்ற ஊர்த் தோழர்களும் தத்தம் தெருவில் இந்தக் கேள்வியை இன்றே கேட்கத் தொடங்கட்டும்.